இடைவெளிக்கு விலை

போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். வழக்கமான பத்துப் பேர்தான். ஒருவர் ‘உலகமயமாதலும் பெண்ணும்’ என்று ஒரு கட்டுரை வாசித்தார். சாரம் இது: 1991க்குப் பிறகு வந்த பொருளாதார மாற்றம், நம் சீர்திருத்தக்காரர்கள் நூறு வருஷம் மேடையில் பேசியும் சாதிக்காததைச் சத்தமில்லாமல் சாதித்துவிட்டது. பெண் வீட்டை விட்டு வெளியே வந்தாள், சம்பளம் வாங்கினாள், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். ஆகவே நாம் பெருமூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டு இதைக் கொண்டாட வேண்டும்.

இன்னொரு நண்பர் எழுந்து இதெல்லாம் அந்நிய மூலதனத்தின் மாயை என்றார். சுரண்டல் என்றார், கண்ணீர் என்றார். கண்ணீரைப் பற்றி அவர் பேசியபோது அவர் குரலில் ஒரு ரஸனை இருந்ததையும் நான் கவனித்தேன்.

மூன்றாமவர் நம் வட்டத்தில் மிகவும் மதிக்கப்படுகிற விமர்சகர். சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: “இது ரெண்டுமே சமூகவியல்யா. ஃபாக்டரிப் பொம்பள முற்போக்குக்காரன் சரக்கு. நமக்கு மனுஷனோட அகம்தான் விஷயம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. இது அந்தக் கோபத்தில் எழுதுவது. முதல் இருவரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். மூன்றாமவர் கணக்கே போடத் தேவையில்லை என்கிறார். மூன்றாமவருடைய குற்றம்தான் பெரியது, ஏனென்றால் அது நம் எல்லோருடைய குற்றமும்.

முதலில் தேதி. அந்த மொட்டைமாடியிலிருந்து ஒரு ஸ்டேஷன் தூரத்தில் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்காரர்களுக்காக அங்கே ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். ஸ்டேஷனுக்குப் பெயர் அதிலிருந்து வந்தது. அதன் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, 1984இல் சென்னை ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஏறத்தாழ 260 ஏக்கர். உள்ளே ஆயத்த ஆடை, மின்னணுச் சாமான், தோல் சாமான், இன்னும் என்னென்னவோ. காண்ட்லாவில் 1965இலேயே இப்படி ஒரு மண்டலம் தொடங்கியாகிவிட்டது. இலங்கையில் கட்டுநாயக்கா 1978இல். ஆக, 1991 என்பது தில்லியில் பட்ஜெட் வாசித்த தேதி. தாம்பரத்துப் பெண்ணுக்கு உலகம் அதற்கு ஏழு வருஷம் முந்தியே வந்து, வாசலில் சங்கு ஊதிக் கூப்பிட்டுவிட்டது. நண்பர் செய்தித்தாளிலிருந்து சரித்திரம் எழுதுகிறார். பக்கத்து ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

இன்னும் பின்னால் போகலாம். குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு குரோம் தோல் தொழிற்சாலையின் பெயர்தான். அதற்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, தமிழ்ப் பெண் உலகச் சந்தைக்காக இலங்கைத் தோட்டத்தில் தேயிலை கிள்ளப் போயாகிவிட்டது. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதியது 1930களில். மருதியைவிட உலகமயமான பெண் யார்? அப்படியானால் இப்போது புதிதாக நடந்திருப்பது என்ன? அதைச் சொல்லாமல் விடுதலை என்றும் சுரண்டல் என்றும் கத்திக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. இந்தப் பக்கத்துக் கிளையில் பத்து வருஷத்துக்கு மேலாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஆலைகளில் வேலை செய்கிற பெண்கள் பலரின் சம்பளக் கணக்குகள் எங்களிடம் இருக்கின்றன. சம்பளம் கணக்கில் ஏறுகிறது, ஏ.டி.எம்.மில் இறங்குகிறது. ஆகவே அவர்கள் கவுண்டருக்கு வருவது அபூர்வம். கணக்குத் திறக்க வருவார்கள், கார்டு தொலைந்தால் வருவார்கள், நகைக்கடனுக்கு வருவார்கள், கணக்கை மூட வருவார்கள். யார் கணக்கில் என்ன இருக்கிறது என்பது நான் வெளியே பேசக்கூடாத சமாசாரம். ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஒன்றைச் சொல்லலாம். கணக்குகளுக்கு ஆயுள் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார் கணக்கு முப்பது வருஷம் ஓடி, பென்ஷன் கணக்காக மாறி, அவர் போன பிறகு அவர் மனைவி பெயரில் குடும்ப பென்ஷனாகவும் ஓடும். ரயில்வேக்காரர் கணக்கும் அப்படித்தான். இந்தப் பெண்களின் கணக்கு பத்தொன்பது வயதில் திறக்கிறது. மூன்று வருஷம், நான்கு வருஷம், மிஞ்சினால் ஆறு வருஷம். ஒரு மாதம் சம்பளம் ஏறுவது நின்றுவிடும். அடுத்த மாதமும் ஏறாது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் அதைச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்குகிறோம். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் மிச்சமிருக்கிற நூறோ இருநூறோ ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். என் கிளையில் இப்படி உறங்குகிற கணக்குகளின் பட்டியலை எடுத்தால் பெண் பெயர்களாக வரும், பெயருக்குப் பின்னால் அப்பன் பெயரின் எழுத்தோடு.

இந்த ஆயுள்தான் கட்டுரையின் விஷயம். மூலதனம் அவள் உழைப்பை வாங்குகிறது என்று சொல்வது போதாது. பிளஸ் டூவுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை வாங்குகிறது. (சம்பத்தின் ‘இடைவெளி’ வேறு. அது சாவைப் பற்றியது. ஆனால் நம் வட்டத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாகத் தத்துவம் பேசியிருக்கிறோம். பக்கத்து ஸ்டேஷனில் அதற்கு மாதச் சம்பளமாக விலை கட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.) தேயிலைத் தோட்டத்துத் துரை பெண்ணைக் குடும்பத்தோடு, கர்ப்பப்பையோடு வாங்கினான். அவள் பெற்ற பிள்ளை அவனுக்கு அடுத்த கூலி. அவள் பிறந்ததும் செத்ததும் லயத்தில். அதன் கொடுமை அது. மண்டலத்துக்காரன் அத்தனையும் வாங்குவதில்லை. பார்வை கூர்மையாக இருக்கிற, இடுப்பு வலிக்காத, கேட்க ஆளில்லாத ஐந்து வருஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறான். மற்றதெல்லாம், அவளை வளர்த்தது, படிக்கவைத்தது, அப்புறம் அவள் பிள்ளை பெறுவது, நோயில் விழுவது, கிழவியாவது, எல்லாம் வீட்டுச் செலவு.

சட்டங்களைப் பாருங்கள். 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருஷத் தொடர் வேலை கேட்டது. 1995ஆம் வருஷத்து ஊழியர் ஓய்வூதியத் திட்டம் பத்து வருஷம் கேட்கிறது. 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்திச் சம்பளத்தோடு 26 வாரம் என்று ஆக்கினார்கள். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்ல சட்டங்கள்தான். ஆனால் இந்த மூன்றையும் கொடுக்காமலிருக்க ஒரு முதலாளி எதையும் மீறவேண்டியதில்லை. அவள் நாலாவது வருஷம் கல்யாணப் பத்திரிகையோடு வந்து சூப்பர்வைசருக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். பணிக்கொடை இல்லை, பென்ஷன் இல்லை, பிரசவச் செலவு இல்லை. அவளை யாரும் வெளியே தள்ளவில்லை. எல்லோரும் அட்சதை போட்டு அனுப்புகிறார்கள்.

தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று உண்டு. 2005 ஜனவரியோடு உலக ஜவுளி வியாபாரத்தில் நாட்டுக்கு இவ்வளவு என்று இருந்த ஒதுக்கீட்டு முறை முடிந்தது. நம் ஊர் ஆடை ஏற்றுமதிக்கு வாசல் திறந்தது. 2004இல் திருத்திய கூலியை அரசு மறுபடி உயர்த்தியது 2014 கடைசியில். ஆலைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றைத் தள்ளி, நிலுவையோடு கொடுக்கச் சொன்னது. தொழிலாளிக்கு வெற்றி என்று எழுதினார்கள். வெற்றிதான். ஆனால் நான் சொன்ன ஆயுளை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மிஷின்களின் முன்னால் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். தீர்ப்பு வந்தபோது, பழைய கூலியில் தைத்தவள் ஏதோ கிராமத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நம்முடைய தாமதமும் ஒரு லாபக் கணக்கில் வரவாகியிருக்கிறது.

இந்த மாவட்டங்களில் இதை மறைக்கக்கூட இல்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலை மணமான பெண்களை அந்த வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கிவந்தது என்று எழுதியது. நிறுவனம் மறுத்தது. புதிதாக எடுத்த பெண்களில் நாலில் ஒருத்தி மணமானவள் என்று கணக்குச் சொன்னது. மத்திய அரசு, 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தி வந்ததும் நம் ஆட்களுக்கு அதிர்ச்சி. எனக்கு அந்த அதிர்ச்சிதான் அதிர்ச்சியாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்த பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் அது: பெண்கள் தேவை, வயது 18 முதல் இத்தனை, தங்குமிடம் உணவு இலவசம். அதே வருஷம் ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசு 706 கோடி ரூபாயில் ஒரு விடுதி திறந்தது. 18,720 பெண்கள் தங்கலாம். நல்ல கட்டடம் என்கிறார்கள், சந்தோஷம். ஆனால் 18,720 கட்டில் போடுகிற அரசு, அவர்கள் குடும்பத்தோடு அங்கே வாழப்போகிறவர்கள் என்று நினைக்கவில்லை. வந்து போகிறவர்கள் என்று நினைக்கிறது. இடைவெளிக்குக் கட்டிய வீடு விடுதியாகத்தான் இருக்க முடியும்.

இப்போது இரண்டாவது நண்பருக்கு. அவர் இதையெல்லாம் படித்துவிட்டு, பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்பார். சொல்லவில்லை. அவர் சொன்னது, வெளியிலிருந்து வந்த பூதம் நம் வீட்டுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று. அந்த இடைவெளியை உண்டாக்கியது எந்தப் பூதம்? வயசுக்கு வந்த பெண் கல்யாணமாகிறவரை வீட்டில் இருப்பது ஒரு சும்மா இருத்தல், ஒரு பாரம், அந்த வருஷங்களுக்கு அவளிடம் சொந்தக் காரியம் எதுவும் கிடையாது என்று முடிவு செய்தது நம் வீடு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. அதற்குச் சூட்டிய பெயர் சுமங்கலித் திட்டம். இந்தப் பெயரை அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ யாரும் இறக்குமதி செய்யவில்லை. நூல் போவது உலகச் சந்தைக்கு, பெயர் வந்தது நம் வீட்டுப் பூஜையறையிலிருந்து. மரபுக்கும் சந்தைக்கும் சண்டை என்றுதான் நாம் ஐம்பது வருஷமாக எழுதிவந்திருக்கிறோம். முதல் நண்பர் சந்தை ஜெயித்தது என்கிறார், இரண்டாமவர் மரபு தோற்றது என்று அழுகிறார். இரண்டும் கைகுலுக்கி, ஒன்று பெண்ணைக் கொடுக்க, மற்றது அவள் வயதை வாங்க, வியாபாரம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது.

கண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 2016 பிப்ரவரியில் வருங்கால வைப்பு நிதி விதியைத் திருத்தினார்கள். வேலையை விட்டவர்கள் முதலாளி போட்ட பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று. ஏப்ரல் 18ஆம் தேதி பெங்களூரில் ஆடை ஆலைப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆயிரக்கணக்கில், பெரிய சங்கங்கள் எதுவும் கூப்பிடாமல். மறுநாளே மத்திய அரசு விதியை வாபஸ் வாங்கியது. அவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. ஆச்சரியம் எதற்கு? பணிக்கொடையும் பென்ஷனும் எட்டாத ஒருத்திக்கு அந்த இடைவெளியிலிருந்து கையில் மிஞ்சுவது பி.எஃப். ஒன்றுதான். அவர்களுக்குத் தங்கள் ஆயுட்கணக்கு தெரிந்திருந்தது, தில்லிக்குத் தெரியவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் கெட்ட சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, மற்றவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். இன்னொன்று. பெண்கள் ஆலையில் இரவு வேலை செய்யக்கூடாது என்று 1948ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னதை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்களில் பெண் தொழிலாளியும் உண்டு. இரவு வேலை நல்லதா கெட்டதா என்பது வேறு. அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, கோர்ட்டுக்குப் போனாள். இரண்டாவது நண்பரின் கட்டுரையில் இந்தப் பெண்கள் யாரும் இல்லை. அதில் வருகிறவள் அழுவதற்காகவே உண்டாக்கிய பொம்மை.

முதல் நண்பருக்கும் ஒரு கேள்வி. இடைவெளி முடிந்தபின் அவள் எங்கே போகிறாள்? கல்யாணம், பிள்ளை, கணவனின் குடி அல்லது கடன் அல்லது வெறும் போதாமை. முப்பத்தைந்து வயதில் மறுபடி வேலை தேடி வெளியே வருகிறாள். மண்டலம் இப்போது அவளை எடுப்பது கஷ்டம். பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போங்கள். டைடல் பார்க் 2000இல் திறந்தது. அதே வருஷங்களில்தான் நகரத்து நடுவிலிருந்து குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பழைய இடத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் புது இடத்தில் வீடு கிடைத்தது, வேலை போயிற்று. அவர்களில் பலர் இப்போது மென்பொருள் கட்டடங்களில் காண்டிராக்டில் ஹவுஸ்கீப்பிங். நண்பர் கொண்டாடுகிற, கழுத்தில் அட்டை தொங்குகிற பெண் பத்து மணிக்கு வந்து உட்காருகிற மேஜையை ஏழு மணிக்குத் துடைத்து வைத்தவள் இவள். இல்லாவிட்டால் ஜவுளிக்கடை. கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல். உட்காருவதற்கு ஒரு சட்டம்! அதைப் படித்த அன்று நான் என் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2010க்குப் பிறகு வங்கியில் சேர்ந்தவனுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று சங்கக் கூட்டத்தில் நான் கத்தியிருக்கிறேன். கத்துவதற்குச் சங்கம் இருக்கிறது, உட்காருவதற்கு நாற்காலி இருக்கிறது.

இனி மூன்றாமவர். மனுஷனின் அகம்.

நம் நவீனத்துவக் கதைகளில் யாருக்கு அகம் இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். குமாஸ்தாவுக்கு இருக்கிறது. உதவி ஆசிரியனுக்கு, வேலையில்லாத பட்டதாரிக்கு, மேன்ஷன்வாசிக்கு இருக்கிறது. அதாவது எழுதுகிறவனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நம் இலக்கியத்தில் அவர்கள் எத்தனை பேர்? புதுமைப்பித்தன் 1934இலேயே ‘பொன்னகரம்’ எழுதினார். அம்மாளு மில்லில் கூலி. ஆனால் கதை அவளைப் பார்த்தது மில்லுக்குள் அல்ல, சந்தில். அந்தக் கதைக்கு அது சரி. அதற்குப் பிறகு தொண்ணூறு வருஷம் நாம் மில்லுக்குள் போகாததற்கு அது சமாதானமாகாது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கு நேரில் போய் வந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். நம் வட்டத்தில் அதைக் கள ஆய்வு என்று ஒரு சொல்லில் ஒதுக்கினோம். அதில் கலைக் குறைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைகள் இல்லாமல் அதை எழுதிக்காட்டும் பொறுப்பு யாருக்கு இருந்தது? எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ 2004இல் வந்தது. திருப்பூரை உள்ளிருந்து எழுதிய நாவல், நான் மதிக்கிறேன். அதன் நடுவிலும் ஐந்து நண்பர்கள்தான், ஆண்கள்.

அசோகமித்திரன் ‘தண்ணீர்’ எழுதியபோது குடத்தோடு நிற்கிற வரிசையை எழுதினார். தண்ணீர்ப் பஞ்சம் கார்ப்பரேஷன் விஷயம், இலக்கியத்துக்கு ஆகாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் ஜமுனாவை நமக்குத் தெரியும். நம் தெருவில் இருந்தாள். அப்படியானால் அகம் என்று நாம் சொல்வது, நமக்குத் தெரிந்தவர்களின் மனம் என்பதற்கு ஒரு கௌரவமான பெயர். இதை விமர்சனக் கோட்பாடாக்கி வைத்திருக்கிறோம். பம்மாத்து.

பிறரை மட்டும் சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே பத்திரிகையில் என் கவிதை ஒன்று வந்தது. ஏற்றுமதிச் சட்டை தைக்கிற ஒரு பெண், ஊசியில் பகலைக் கோத்துத் தைக்கிறாள். அந்தச் சட்டையைக் கடலுக்கு அப்பால் போட்டுக்கொள்கிறவனின் மார்பில் இவள் வியர்வை மணக்கிறது. இரண்டு நண்பர்கள் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள். இப்போது அதைப் படித்தால் கூசுகிறது. யாரும் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி இடது கை கஃப் வைக்கிறாள், அடுத்தவள் காலர், அதற்கடுத்தவள் ஓவர்லாக், கடைசியில் செக்கிங், டிரிம்மிங். அவளுக்கு முன்னால் பலகையில் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் எழுதியிருக்கிறது. போன மணிக்கு எத்தனை குறைந்தது என்றும் எழுதியிருக்கிறது. கடலுக்கு அப்பால் போட்டுக்கொள்கிறவனைப் பற்றி அவள் நினைக்கிறாள் என்று எனக்கு யார் சொன்னது? என் கவிதையில் இருந்தது என்னுடைய குற்ற உணர்ச்சி. அதற்கு அவள் உடம்பை இரவல் வாங்கிக்கொண்டேன். அவளிடம் இருப்பதை விலைக்காவது வாங்குகிற முதலாளிக்கும், இரவல் வாங்கித் திருப்பித் தராத கவிஞனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டாயிரங்களில் பெண் கவிஞர்கள் உடலை எழுதியபோது எழுந்த கூச்சலில் நாம் அவர்கள் பக்கம் நின்றோம், சரி. ஆனால் ஒன்பது மணி நேரம் மூத்திரத்தை அடக்குகிற உடலும் உடல்தான் என்று அன்றும் நாம் பேசவில்லை.

கடைசியாக ஒன்று. அடையாளம் தெரியாதபடி மாற்றவேண்டியவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பெண் கணக்கை மூட வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விண்ணப்பத்தை நீட்டிவிட்டுக் கேட்டாள்:

“சார், கணக்கு ஆரமிச்சதுலேந்து ஸ்டேட்மென்ட் வேணும்.”

“மொத்தமுமா? பக்கத்துக்கு இவ்வளவுன்னு சார்ஜ் புடிப்பாங்கம்மா.”

“பரவால்ல சார். போடுங்க.”

நாலரை வருஷம். எடுத்துக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, கயிறு கட்டிய எங்கள் பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து நான் திரும்பி வந்தபோதும் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து வந்தாள்.

“எனக்குன்னு எடுத்தது எதெதுன்னு பாத்தேன் சார். ரெண்டே தடவதான். ஒண்ணு கண்ணாடி போட. இன்னொண்ணு எதுக்குன்னு ஞாபகம் வரல.”

நான் அசட்டுத்தனமாக, “வீட்டுக்குத்தானேம்மா செஞ்சீங்க” என்றேன்.

“வீட்டுக்குத்தான் சார். இல்லேன்னு சொல்லலியே. கணக்கு பாத்தேன், அவ்ளோதான்.”

கையெழுத்துப் போட்டாள். காகிதங்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை. விடுதலை பெற்றவளாகவும் தெரியவில்லை. நாலரை வருஷத்தில் தனக்கென்று செய்த இரண்டு காரியங்களில் ஒன்று எது என்று அவளுக்கு நினைவில்லை. அதைத் தேடி ஒரு மத்தியானம் முழுக்க எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விமர்சக நண்பரைக் கேட்கிறேன்: இது அகமா, புறமா? சமூகவியலா? எந்தச் சமூகவியல்காரன் அந்த இரண்டாவது தடவையைக் கண்டுபிடித்துச் சொல்வான்? இது நம் வேலை இல்லையென்றால் நமக்கு என்ன வேலை?

அதற்காக நாளைக்கே ஆளுக்கொரு ஆலைக் கதை எழுதச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது தடவை பணம் எடுத்தது எதற்கு என்று நம்மில் ஆறு பேர் ராத்திரியோடு ராத்திரியாக அழகாக ஜோடித்துவிடுவோம், எனக்குத் தெரியும். முதலில் அது நிற்கவேண்டும். விடுதலை, கண்ணீர் என்ற இரண்டு சொற்களையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கலாம். லைன், டார்கெட், ஹெல்பர், செக்கிங் என்ற சொற்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தப் பெண்களில் பிளஸ் டூ படித்தவர்கள் இருக்கிறார்கள், பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எழுதுகிறவள் ஒருத்தி இருந்தால், அவள் அனுப்புவதை அச்சுப்பிழை திருத்திப் போடுகிற அளவுக்காவது இந்தப் பத்திரிகைக்கு இடமும் பொறுமையும் இருக்கவேண்டும். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். விலை இன்னும் குறைந்த இடைவெளிகளைத் தேடிப் போயாகிவிட்டது. நாம் தமிழ்ப் பெண்ணையே இன்னும் எழுதி முடிக்கவில்லை, தொடங்கவும் இல்லை.

நம் அடுத்த கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று தகவல். மண்டலத்தில் ஓவர்டைம் இல்லாத ஞாயிறா என்று விசாரித்துச் சொல்கிறேன், மொட்டைமாடிக்குப் பதில் கீழே கூடத்தில் வைக்கலாம். விமர்சக நண்பர் இதற்குப் பதில் எழுதுவார் என்று நினைக்கிறேன். எழுதட்டும். தலையாட்டுவதை மட்டும் இனி நான் செய்வதாக இல்லை.